பருந்து மலையிலிருந்து மெய்ன் கடற்கரை வரை: றேச்சல் கார்சனின் இரண்டு இலையுதிர்காலங்கள்

1945ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம். இரண்டாம் உலகப் போர் முடிந்து சில வாரங்களே ஆகியிருந்தன. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், அப்பலாச்சியன் மலைத்தொடரின் முகடொன்றில், ஏறத்தாழ 1,500 அடி உயரத்திலுள்ள பாறைகளின் மீது இரண்டு பெண்கள் குளிரில் ஒடுங்கி அமர்ந்திருந்தார்கள். இருவரும் மீன், வனவிலங்கு சேவை என்ற அரசாங்கத் திணைக்களத்தில் வேலை செய்பவர்கள். ஒருவர் சேர்லி பிரிக்ஸ். மற்றவர், பைனாகுலரைக் கண்ணிலிருந்து இறக்காமல் வடக்கு வானத்தையே பார்த்துக்கொண்டிருந்த 38 வயது றேச்சல் கார்சன்.

அவர்கள் பார்க்கப் போனது பருந்துகளை. இலையுதிர்காலத்தில் வடமேற்கிலிருந்து வீசும் குளிர்காற்று அந்த மலைச்சுவரில் மோதி மேலெழும். கனடாவிலிருந்தும் அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் தெற்கே போகும் பருந்துகளும் கழுகுகளும் வல்லூறுகளும் அந்தக் காற்றில் ஏறி, இறக்கையை அடிக்காமலே மலைமுகட்டின் வழியே மிதந்து செல்லும். பறவைக்கு அது செலவில்லாத பயணம். அதனாலேயே மனிதருக்கு அது வசதியான கொலைக்களமாகவும் இருந்தது. கோழி பிடிக்கும் பறவை, வேட்டைப் பறவைகளைத் தின்னும் பறவை என்று பழி சுமத்தி, துப்பாக்கிக்காரர்கள் வார இறுதிகளில் அந்த முகட்டில் ஏறி நின்று நூற்றுக்கணக்கில் சுட்டு வீழ்த்தினார்கள். 1934இல் றோசலி எட்ஜ் என்ற நியூயோர்க் பெண்மணி அந்த மலையைக் குத்தகைக்கு எடுத்து, மோரிஸ் பிறவுன் என்ற பறவையியலாளரைக் காவலுக்கு அமர்த்திய பிறகுதான் சூடு நின்றது. துப்பாக்கிகள் இருந்த இடத்தில் பிறவுன் ஒரு குறிப்பேட்டுடன் அமர்ந்தார். அன்று எத்தனை பறவைகள் போயின, எந்த இனம், எவை குஞ்சுப் பருவம் கடந்தவை, எவை முதிர்ந்தவை என்று எழுதத் தொடங்கினார். போர்க்காலத்தின் சில ஆண்டுகள் நீங்கலாக அந்தக் கணக்கு தொடர்ந்தது. ‘ஹோக் மவுண்டன்’, அதாவது பருந்து மலை, என்று அந்த இடத்துக்குப் பெயர்.

கார்சன் அங்கு ஒரு கடமைக்காகப் போகவில்லை. பார்ப்பதில் உள்ள மகிழ்ச்சிக்காகவே போனார். மலையுச்சியில் இருந்தபோதும் அவருடைய மனம் கடலிலேயே இருந்தது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னர் அங்கே கடல் இருந்ததையும், தான் அமர்ந்திருக்கும் மலைகளின் பாறையிலே அக்கடலின் உயிர்கள் படிந்துகிடப்பதையும் அவர் நினைத்துப் பார்த்தார். அந்த அனுபவத்தை ஒரு சிறு கட்டுரையாக எழுதியும் வைத்தார்.

அதே 1945இல் இன்னொரு விடயமும் நடந்தது. போர்க்களங்களில் பேன்களையும் நுளம்புகளையும் கொன்று புகழ்பெற்ற டி.டி.ரி. என்ற இரசாயனம் அமெரிக்கக் கடைகளில் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்தது. தனது திணைக்களத்தின் விஞ்ஞானிகள் அதைப் பரிசோதிப்பதை அறிந்திருந்த கார்சன், வனவிலங்குகள் மீது அது என்ன விளைவை ஏற்படுத்தும் என்பதைப் பற்றி எழுத விரும்புவதாகப் பிரபல சஞ்சிகையொன்றுக்குத் தெரிவித்தார். சஞ்சிகை அக்கறை காட்டவில்லை. அந்த விடயம் 13 ஆண்டுகள் கிடப்பில் கிடந்தது.

றேச்சல் லூயிஸ் கார்சன் 1907 மே 27ஆம் திகதி பென்சில்வேனியாவின் ஸ்பிரிங்டேல் என்ற சிற்றூரில் பிறந்தவர். மூன்று பிள்ளைகளில் கடைசி. வசதியற்ற குடும்பம், ஆனால் வீட்டைச் சுற்றி 65 ஏக்கர் நிலம் இருந்தது. தாய் மரியா, கடைக்குட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த நிலத்தில் நடந்து, பறவைகளின் பெயர்களையும் பூச்சிகளின் வழக்கங்களையும் சொல்லிக்கொடுத்தார். 11 வயதில் கார்சனின் முதற்கதை சிறுவர் சஞ்சிகையொன்றில் வெளியானது. கல்லூரிக்கு ஆங்கில இலக்கியம் படிக்கப் போனவர், மேரி ஸ்கிங்கர் என்ற ஆசிரியையின் வகுப்பில் உயிரியலின்பால் ஈர்க்கப்பட்டுத் துறை மாறினார். 1932இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் விலங்கியலில் முதுமாணிப் பட்டம் பெற்றார்.

கலாநிதிப் பட்டத்துக்கு வீட்டு நிலைமை இடங்கொடுக்கவில்லை. அமெரிக்கா பெரும் பொருளாதார மந்தத்தில் மூழ்கியிருந்த காலம் அது. 1935இல் தந்தை இறந்தார். 1937இல் தமக்கை மரியன் இரண்டு பெண்பிள்ளைகளை விட்டுவிட்டு இறந்துபோனார். தாயையும் அந்த இரு பிள்ளைகளையும் பார்க்கவேண்டிய பொறுப்பு கார்சனின் தலையில் விழுந்தது. மீன்பிடிப் பணியகத்துக்கு வானொலிப் பிரதிகள் எழுதிச் சம்பாதித்தவர், அரசாங்கப் போட்டிப் பரீட்சையில் முதலிடம் பெற்று 1936இல் அங்கேயே நிரந்தர உத்தியோகத்தரானார். பகலில் அலுவலகம், இரவில் எழுத்து என்று 15 ஆண்டுகளுக்கு மேல் அவருடைய வாழ்க்கை ஓடியது.

அவரது முதல் நூல் ‘கடற்காற்றின் கீழே’ 1941 நவம்பரில் வெளியானது. அதன் முதற்பகுதியின் நாயகர்கள் ‘சாண்டர்லிங்’ எனப்படும் சிறிய கரையோரப் பறவைகள். அலை பின்வாங்கும்போது ஈரமணலில் ஓடி இரை பொறுக்கி, அலை திரும்பும்போது கரைக்கு ஓடிவரும் இந்தப் பறவைகள், தென்னமெரிக்காவின் தெற்கிலிருந்து ஆர்க்டிக் பனிவெளி வரை சென்று முட்டையிட்டு, இலையுதிர்காலத்தில் மீண்டும் தெற்கே திரும்புபவை. அதே இனத்தின் வேறு கூட்டங்கள் ஒவ்வொரு ஆண்டும் பனிக்காலத்தில் மன்னார்க் கரைக்கும் வருகின்றன. கார்சன் அந்தப் பயணத்தை மேலிருந்து பார்க்காமல், பறவையின் உயரத்திலிருந்து, பசியும் பனிப்புயலும் நரியும் நிறைந்த ஒரு வாழ்க்கையாக எழுதினார். ஆனால் நூல் வெளியாகிச் சில வாரங்களிலேயே பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்டது. நாடு போருக்குள் போனது. நூல் 2,000 பிரதிகள்கூட விற்கவில்லை.

பத்து ஆண்டுகள் கழித்து வந்த ‘நம்மைச் சூழ்ந்த கடல்’ அவரது நிலையை மாற்றியது. 1951இல் வெளியான அந்நூல் நியூயோர்க் டைம்ஸின் அதிகம் விற்கும் நூல்களின் பட்டியலில் 86 வாரங்கள் இருந்தது. மறு ஆண்டு தேசிய நூல் விருதும் கிடைத்தது. அரசாங்க வேலையை விட்டார். மெய்ன் மாநிலத்தின் சவுத்போர்ட் தீவில், கடலோரப் பாறைகளுக்கு மேலே சிறு வீடொன்றைக் கட்டினார். 1953 கோடையில் அயல்வீட்டுக்காரியாக அறிமுகமான டொரத்தி பிறீமன், கார்சனின் இறுதிவரை நெருங்கிய தோழியாக இருந்தார். ஒன்றாக இல்லாத மாதங்களில் இருவரும் எழுதிக்கொண்ட கடிதங்கள் 1995இல் தொகுக்கப்பட்டு நூலாக வந்தன. கார்சனின் அந்தரங்க வாழ்வை அறிய இன்று நமக்கு இருக்கும் சிறந்த வாசல் அவைதான்.

குடும்பப் பொறுப்பு அவரை விட்டபாடில்லை. 1957இல், தான் வளர்த்த தமக்கை மகள்களில் ஒருவர் ஐந்து வயது ஆண்குழந்தையை விட்டுவிட்டு இறந்தார். 50 வயதை நெருங்கிய கார்சன் அந்தப் பிள்ளையைத் தத்தெடுத்தார். கைக்குழந்தையாக இருந்த காலந்தொட்டே அவனை இரவில் கடற்கரைக்குத் தூக்கிச் சென்றவர் அவர். பிள்ளைகளுக்கு இயற்கையைக் காட்டுவது பற்றி 1956இல் எழுதிய கட்டுரையில், இலையுதிர்கால இரவில் வெளியே நின்று, இருட்டில் தெற்கே போகும் பறவைகளின் குரலைக் காதுகொடுத்துக் கேட்கலாம் என்கிறார். பூரண நிலவைத் தொலைநோக்கியில் பார்த்தால் அதன் முகத்தைக் கடந்துபோகும் பறவைகளைக் காணலாம் என்கிறார். பெயர் தெரிவது பிறகு வரட்டும், முதலில் வியப்பு வரட்டும் என்பதே அக்கட்டுரையின் சாரம்.

1958 ஜனவரியில் மசாசுசெற்ஸ் மாநிலத்திலிருந்து ஒல்கா ஹக்கின்ஸ் என்ற நண்பியின் கடிதம் வந்தது. நுளம்பு ஒழிப்புக்காக விமானத்திலிருந்து தூவப்பட்ட டி.டி.ரி., அவரது வளவில் கூடுகட்டியிருந்த பறவைகளைக் கொன்றிருந்தது. 13 ஆண்டுகளுக்கு முன்னர் கைவிட்ட விடயத்தைக் கார்சன் மீண்டும் கையில் எடுத்தார். நான்கு ஆண்டுகள் விஞ்ஞானிகளுக்கு எழுதி, அறிக்கைகளைத் திரட்டி, ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தார்.

1945இல் ஏறிய அந்த மலை இப்போதுதான் அவருக்குத் திரும்பக் கைகொடுத்தது. பிறவுனின் குறிப்பேடுகளை அவர் கேட்டு வாங்கினார். 1935 முதல் 1939 வரையான ஆண்டுகளில் பருந்து மலையைக் கடந்த வெண்தலைக் கழுகுகளில் ஏறத்தாழ 40 சதவீதம் அந்தந்த ஆண்டு பொரித்த இளம் பறவைகள். 1955 முதல் 1959 வரையான ஆண்டுகளில் அது 20 சதவீதமாகக் குறைந்திருந்தது. 1957இல் 32 முதிர்ந்த கழுகுகளுக்கு ஓர் இளம் கழுகே காணப்பட்டது. புளோரிடாவில் சார்ள்ஸ் புறோலி என்ற ஓய்வுபெற்ற வங்கியாளர் மரமேறிக் கழுகுக் குஞ்சுகளின் கால்களில் வளையமிட்டு வந்தார். அவருடைய கணக்கும் அதையே சொன்னது. முதிர்ந்த கழுகுகள் இருந்தன, கூடுகளும் இருந்தன, குஞ்சுகள் இல்லை. கழுகு அமெரிக்காவின் தேசியச் சின்னம் என்பதால் இந்த எண்கள் சாதாரண வாசகரையும் உலுக்கின. டி.டி.ரி.யின் எச்சம் முட்டை ஓட்டை மெலிதாக்கி, அடைகாக்கும் தாயின் எடையிலேயே உடையச் செய்கிறது என்பது கார்சன் இறந்த பின்னர், 1960களின் பிற்பகுதியில்தான் நிறுவப்பட்டது. காரணத்தின் முழு விளக்கம் கிடைக்கும் முன்னரே எண்கள் எச்சரித்துவிட்டன. பொழுதுபோக்கு என்று பலர் நினைத்த ஒரு வேலை சாட்சியமாக மாறியது இப்படித்தான்.

தமிழில் ‘மௌன வசந்தம்’ என்று அறியப்படும் அந்த நூல் 1962 செப்டெம்பர் 27ஆம் திகதி வெளியானது. அதற்கு முன்னர் ஜூன் மாதத்திலேயே நியூயோர்க்கர் சஞ்சிகையில் பகுதிபகுதியாக வந்து புயலைக் கிளப்பியிருந்தது. இரசாயன நிறுவனங்கள் வழக்குப் போடுவதாக மிரட்டின. எதிர்ப் பிரசாரத்துக்குப் பணத்தைக் கொட்டின. கலாநிதிப் பட்டம் இல்லாதவர் என்றார்கள். கலியாணம் கட்டாத, உணர்ச்சிவசப்படும் பெண் என்றார்கள். பூச்சிகளுக்காக மனிதரைப் பட்டினி போடப் பார்க்கிறார் என்றார்கள். உண்மையில் எல்லா நாசினிகளையும் தடைசெய்ய வேண்டும் என்று கார்சன் எங்கும் கேட்கவில்லை. விளைவு தெரியாத நஞ்சை, பாதிக்கப்படப் போகிறவர்களுக்குச் சொல்லாமல், கண்டபடி தூவக்கூடாது என்பதே அவர் வாதம். ஜனாதிபதி கென்னடியின் விஞ்ஞான ஆலோசனைக் குழு 1963 மே மாதம் வெளியிட்ட அறிக்கை பெரும்பாலும் அவர் பக்கமே நின்றது. அடுத்த மாதம் செனட் உபகுழுவின் முன் அமர்ந்து அமைதியான குரலில் சாட்சியமளித்தார்.

அந்த மேசைக்கு முன்னே இருந்தது சாகப்போகும் ஒருவர் என்பது அங்கிருந்த பலருக்குத் தெரியாது. 1960 ஏப்ரலில் அவருக்கு மார்பகச் சத்திரசிகிச்சை நடந்தது. அது புற்றுநோய் என்ற உண்மையை வைத்தியர் அவரிடம் சொல்லவில்லை. ஆண்டின் இறுதியில், நோய் பரவத் தொடங்கிய பின்னரே அறிந்தார். கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு இடையில்தான் நூலின் பெரும்பகுதி முடிந்தது. நோயைப் பகிரங்கப்படுத்தினால், சொந்தத் துன்பத்தால் இரசாயனங்கள் மீது பழி போடுகிறார் என்று எதிரிகள் சொல்வார்கள் என்பதால், நெருங்கியவர்கள் தவிர மற்ற எல்லோரிடமும் மறைத்தார். உதிர்ந்த முடியை மறைக்கப் பொய்முடி அணிந்து மேடையேறினார்.

அந்தக் கோடையைச் சவுத்போர்ட் தீவில் கழித்தார். அதுவே கடைசிக் கோடை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பாறைகளில் இறங்கிக் கடல்நீர்க் குட்டைகளைப் பார்க்க அவரால் இனி முடியாது. நடப்பதே வேதனையாக இருந்தது. செப்டெம்பரில் ஒரு காலை, டொரத்தி அவரைத் தீவின் தென்முனையான நியூவேகனுக்குக் கூட்டிச் சென்றார். தளிர்க்கும் காலம் முடிந்து குளிர் எட்டிப்பார்க்கும் பருவம். இருவரும் கடலைப் பார்த்தபடி அமர்ந்திருந்தார்கள். ஊசியிலை மரங்களில் காற்றின் ஓசை, பாறையில் அலையின் ஓசை, மேலே கடற்காகங்களின் கூட்டம். இவற்றுக்கிடையே செம்மஞ்சள் நிறத்தில் கறுப்புக் கோடிட்ட மொனார்க் வண்ணத்துப்பூச்சிகள், ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமில்லாமல், ஒரே திசையில் போய்க்கொண்டிருந்தன.

எங்கள் ஊர்களில் எருக்கலைச் செடியைச் சுற்றிப் பறக்கும் செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் நெருங்கிய உறவு இந்த மொனார்க். இதன் புழுவும் எருக்கலைக் குடும்பத்துச் செடிகளையே தின்னும். கோடையில் பிறக்கும் மொனார்க் சில வாரங்களே வாழும். ஆனால் கோடையின் கடைசியில் பிறக்கும் தலைமுறை வேறுவிதமானது. அது உடனே இனப்பெருக்கம் செய்யாது. எட்டு மாதங்கள்வரை உயிர்வாழும். தான் ஒருபோதும் கண்டிராத இடத்துக்கு 4,000 கிலோமீற்றர் வரை பறந்துபோகும். அந்த இடம் எது என்பது 1963இல் விஞ்ஞானத்துக்குத் தெரியாது. கனடிய விஞ்ஞானி பிரெட் ஏர்க்கார்ட் சிறகுகளில் சிறு அடையாளச் சீட்டு ஒட்டித் தேடிக்கொண்டிருந்தார். 1975 ஜனவரியில்தான் மத்திய மெக்சிக்கோவின் மலைக்காடுகளில் மரங்களே தெரியாதபடி கோடிக்கணக்கில் அவை மொய்த்திருப்பது கண்டறியப்பட்டது. வசந்தத்தில் அவை வடக்கே கிளம்பி, வழியில் முட்டையிட்டு இறந்துவிடும். மெய்ன் கரைக்கு மறு ஆண்டு வந்துசேர்வது அவற்றின் பேரப்பிள்ளைகள் அல்லது அவர்களின் பிள்ளைகள்.

போகும் இடம் தெரியாவிட்டாலும், போவது திரும்பாது என்பது அன்று அந்த இரு தோழிகளுக்கும் தெரிந்திருந்தது. அதைப் பற்றிப் பேசியும் கொண்டார்கள். செப்டெம்பர் 10ஆம் திகதியிட்ட கடிதத்தில் கார்சன் அந்தக் காலையை நினைவுகூர்ந்து டொரத்திக்கு எழுதினார். அந்தக் காட்சியில் தமக்குத் துக்கம் தோன்றவில்லை என்பதை அவர் கவனித்திருந்தார். ஓர் உயிர் தன் காலத்தை முடித்துக்கொள்வது இயல்பானது. வண்ணத்துப்பூச்சிக்குச் சில மாதங்கள், மனிதருக்கு வேறோர் அளவு. வாயால் பேச முடியாத தனது மரணத்தைப் பற்றி அவர் தோழியிடம் பேசியது இந்தக் கடிதத்தின் வழியாகத்தான். செடியோ பறவையோ இயல்பாக இறப்பதை அவர் ஒருபோதும் எதிர்க்கவில்லை. நஞ்சால் ஒரு தலைமுறையே பிறக்காமற் போவதைத்தான் எதிர்த்தார். இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் ‘மௌன வசந்தம்’ முழுவதும் புரிந்துவிடும்.

1964 ஏப்ரல் 14ஆம் திகதி மேரிலாந்து மாநிலத்திலுள்ள தனது வீட்டில் கார்சன் காலமானார். வயது 56. அவரது அஸ்தியின் ஒரு பகுதியை டொரத்தி நியூவேகன் கடற்பாறைகளில் தூவினார். எட்டு ஆண்டுகள் கழித்து, 1972இல், அமெரிக்கா விவசாயத்தில் டி.டி.ரி.யைத் தடைசெய்தது. 1963இல் அலாஸ்கா நீங்கலான அமெரிக்காவில் 500க்கும் குறைவான ஜோடிகளாகச் சுருங்கியிருந்த வெண்தலைக் கழுகு, 2007இல் ஏறத்தாழ 10,000 ஜோடிகளாகப் பெருகி, அருகிவரும் இனங்களின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

அவர்மீதான பழிகள் மட்டும் அவரோடு போகவில்லை. அவற்றில் ஒன்று இலங்கையைச் சாட்சிக்கு இழுப்பது. 1934–35 மலேரியாக் கொள்ளைநோயில் இந்தத் தீவில் ஏறத்தாழ 80,000 பேர் மடிந்தார்கள். 1946இலும் 25 இலட்சத்துக்கும் அதிகமானோருக்கு மலேரியா. வீட்டுச் சுவர்களில் டி.டி.ரி. அடிக்கத் தொடங்கிய பிறகு அந்த எண்ணிக்கை 1963இல் வெறும் 17 ஆனது. பிறகு மருந்தடிப்பு நின்றது. 1969இல் மட்டும் 5 இலட்சத்துக்கும் அதிகமானோர் நோயுற்றனர். கார்சனின் நூலுக்குப் பயந்துதான் இலங்கை டி.டி.ரி.யை நிறுத்தியது, அந்த நோயாளர்கள் அவரது கணக்கில் சேர வேண்டியவர்கள் என்று இன்றும் சிலர் எழுதுகிறார்கள்.

நடந்தது வேறு. நோய் ஏறக்குறைய ஒழிந்துவிட்டது என்ற நம்பிக்கையில், ஒழிப்புத் திட்டத்தின் அடுத்த கட்டமாகவே இங்கு மருந்தடிப்பு நிறுத்தப்பட்டது. நோய் திரும்பியபோது இலங்கை மீண்டும் டி.டி.ரி.யை எடுத்தது, யாரும் தடுக்கவில்லை. 1972 அமெரிக்கத் தடை பிற நாடுகளின் மலேரியா ஒழிப்பைக் கட்டுப்படுத்தவும் இல்லை. ஆனால் அதற்குள் நுளம்பு டி.டி.ரி.க்குப் பழகிவிட்டிருந்தது. அதனால் 1970களில் மலத்தியனுக்கு மாறவேண்டி வந்தது. வீட்டுச் சாமான்களை முற்றத்தில் இறக்கிவைத்துவிட்டு மலேரியா மருந்தடிப்பவர்களுக்காகக் காத்திருந்த நாட்கள் எங்கள் மூத்தவர்கள் பலருக்கு நினைவிருக்கும். அளவின்றி அடித்தால் பூச்சி பழகிவிடும், பிறகு நோய்த்தடுப்புக்கு ஆயுதமே மிஞ்சாது என்பது ‘மௌன வசந்தத்தின்’ எச்சரிக்கைகளில் ஒன்று. இலங்கையின் அனுபவம் அவருக்கு எதிரான சாட்சியம் அல்ல. அவர் பக்கச் சாட்சியம். 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது. பல வகை மருந்துகள், கண்காணிப்பு, ஒவ்வொரு நோயாளியையும் தேடிப்பிடிக்கும் உழைப்பு எல்லாம் சேர்ந்தே அது சாத்தியமானது.

மொனார்க்கின் கதை அவ்வளவு நல்லதாக முடியவில்லை. களைநாசினிகளால் வயல்வெளிகளில் எருக்கலைக் குடும்பச் செடிகள் அழிந்ததாலும் மெக்சிக்கோ மலைக்காடுகள் வெட்டப்பட்டதாலும், 1990களோடு ஒப்பிடுகையில் அவை இன்று வெகுவாகக் குறைந்துவிட்டன. இது நமக்குத் தெரிவதும் ஆண்டுதோறும் யாரோ எண்ணிக்கொண்டிருப்பதால்தான். பருந்து மலையிலும் ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் அந்தக் கணக்கு இன்னமும் எழுதப்படுகிறது. 1935இல் குளிரில் அமர்ந்து இளம் கழுகுகளைத் தனியாகக் குறித்துவைத்த மனிதருக்கு, அந்த எண்கள் யாருக்கு எப்போது தேவைப்படும் என்று தெரிந்திருக்க நியாயமில்லை. அவர் குறித்துவைத்தார், 25 ஆண்டுகள் கழித்து, அதைக் கேட்டு வாங்கத் தெரிந்த ஒரு பெண் வந்தார்.